வெண்கல நாயும் வகுப்பறைப் பிள்ளைகளும்

நியூயார்க் மாநகரின் சென்ட்ரல் பார்க் என்னும் பெரும்பூங்காவில், ஒரு பாறையின்மேல் வெண்கல நாயொன்று நிற்கின்றது. பிரடெரிக் ரோத் என்னும் சிற்பி வடித்த அச்சிலை 1925 டிசம்பர் 17 அன்று திறந்து வைக்கப்பட்டபோது, அதற்கு உருவம் தந்த பால்ட்டோ என்னும் நாயும் உயிரோடு அவ்விடத்தில் நின்றது. தன் சிலையைத் தானே காணும் பேறு மனிதருள்ளும் மிகச் சிலர்க்கே வாய்ப்பது. (நம் அரசியல் தலைவர்களை இக்கணக்கில் நாம் சேர்க்கவில்லை.) ஏறத்தாழ நூறாண்டுகளாகக் குழந்தைகள் அதன் முதுகின்மேல் ஏறி அமர்ந்து விளையாடியதால், வெண்கலம் தேய்ந்து மினுமினுக்கின்றது.

அந்த நாயின் வரலாறு அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் இன்றளவும் பாடமாகப் பயிலப்படுகின்றது. பனியில் வண்டி இழுத்த நாய் வகுப்பறைக்குள் வந்து, பிள்ளைகளுக்குத் துணையாகவும் ஆசிரியருக்கு எடுத்துக்காட்டாகவும் அமைந்துவிட்டது. அது எதைக் கற்பிக்கின்றது, அல்லது அதைக்கொண்டு நாம் எதைக் கற்பிக்கின்றோம் என்பதை, அதனைப் பற்றியும் அதன் இனத்தைப் பற்றியும் எழுந்த சில நூல்களையும் இரு திரைப்படங்களையும் கொண்டு ஆராய்வதே நம் நோக்கம். பனியையே காணாத நம் வாசகர்க்கு இது தொலைதூரச் செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் விலங்குக் கதைகளைச் சொல்லி நல்லொழுக்கம் புகட்டும் மறைக்கல்வி ஆசிரியர் எவரும் இச்சிக்கலைத் தவிர்க்க இயலாது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். அலாஸ்காவின் மேற்குக் கரையில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே அமைந்த நோம் என்னும் சிற்றூரில், 1925 சனவரியில் டிப்தீரியா எனப்படும் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. சிறு குழந்தைகளின் மூச்சுக்குழலை அடைத்துக் கொல்லும் கொடுநோய் அது. ஊரின் ஒரே மருத்துவரான கர்ட்டிஸ் வெல்ச்சின் கையிலிருந்த நச்சுமுறி மருந்தோ காலங்கடந்தது. கடல் உறைந்திருந்தது, கப்பல் வர வழியில்லை. அக்காலத்துத் திறந்த விமானங்கள் அக்குளிரில் பறக்குமென்று எவரும் உறுதி கூற இயலவில்லை. எனவே 3,00,000 அலகு மருந்து ஆங்கரேஜ் நகரிலிருந்து நெனானா வரை இரயிலில் வந்தது. அங்கிருந்து 674 மைல், நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகளில், கைமாறிக் கைமாறி நோம் நகரை அடைந்தது. அஞ்சல் வண்டிகள் மூன்று வாரங்களுக்கு மேல் எடுத்துக்கொண்ட தொலைவை, ஏறத்தாழ 20 வண்டியோட்டிகளும் 150 நாய்களும் 127½ மணி நேரத்தில் கடந்தனர். சில கட்டங்களில் குளிர் உறைநிலைக்குக் கீழே 45 டிகிரி செல்சியஸையும் தாண்டியது. பிப்ரவரி 2 விடியலில் குன்னார் காசன் என்பவர் மருந்தோடு ஊருக்குள் நுழைந்தார். அவருடைய வண்டியை இழுத்த நாய்களுக்கு முன்னால் நின்றது பால்ட்டோ.

கடைசியாக வந்த வண்டியின் முதல் நாய்! புகழ் அதன்மேல் விழுந்ததற்குக் காரணம் இவ்வளவே. காசன் கடந்தது 53 மைல். அவருக்கு முன் மருந்தைச் சுமந்தவருள் ஒருவரான லெயன்ஹார்ட் செப்பலா, நோர்வேயில் பிறந்தவர். நாயோட்டுவதில் அக்காலத்து இணையற்றவர். அவர் நோமிலிருந்து புறப்பட்டு எதிர்முகமாகச் சென்று மருந்தைப் பெற்று, 91 மைல் அதனைச் சுமந்து வந்தார். போக்கும் வரவுமாக அவர் கடந்தது 260 மைலுக்கு மேல். உறைந்த கடலின் மேற்பரப்பு எந்நேரமும் பிளக்கக்கூடும் என்னும் நிலையில், நார்ட்டன் குடாவை அவர் குறுக்கே கடந்தார். அவருடைய ஒரே மகள், எட்டு வயதுச் சிறுமி, அந்நேரம் நோய் பரவிய ஊரில் இருந்தாள். அவ்வண்டியின் முன்னோடி நாய் டோகோ, வயது பன்னிரண்டு, நாய்க்கு அது முதுமை. பால்ட்டோவும் செப்பலாவின் நாய்தான். ஆயினும் அதனை அவர் இரண்டாந்தரச் சுமைநாயாகவே கருதியிருந்தார். டோகோவுக்கு உரிய புகழைப் பால்ட்டோ பெற்றதே என்னும் மனக்குறை அவருக்கு இறுதிவரை இருந்தது.

பள்ளிகளில் மிகுதியாகப் பயிலப்படும் நூல் நட்டாலி ஸ்டாண்டிஃபோர்ட் 1989இல் எழுதிய பால்ட்டோவின் கதை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய குழந்தைகளுக்கான சிறுநூல். எளிய சொற்கள், குறுகிய தொடர்கள். குழந்தையின் விரல் வரிகளில் தடுமாறாது நகர வேண்டும் என்னும் அக்கறை நூல் முழுவதும் தெரிகின்றது. அதை நாம் மதிக்கின்றோம். ஆனால் எல்லாரினும் வீரமிக்க நாய் இதுவே என்று நூலின் தலைப்பே தீர்ப்பு வழங்கிவிடுகின்றது. 150 நாய்களுள் ஒன்றுக்கு அத்தீர்ப்பை வழங்கியவர் யார்? இறுதிக்கோட்டில் நின்ற செய்தியாளரே. ஏழு வயதுக் குழந்தை முதன்முதல் தானாகப் படிக்கும் கதையில், முடிவில் நிற்பவனே வீரன் என்னும் கருத்து ஓசையின்றிப் பதிந்துவிடுகின்றது. எளிமை வேறு, சுருக்கம் வேறு. எளிய நடையிலேயே இருபது பெயர்களைச் சொல்லியிருக்க முடியும். குழந்தைகள் பட்டியல்களை விரும்புவர் என்பதை ஒரு வகுப்பில் ஒருமுறை நின்றவரும் அறிவர்.

1995இல் சைமன் வெல்ஸ் இயக்கி வெளிவந்த 'பால்ட்டோ' என்னும் கேலிச்சித்திரப் படம் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. அதில் மனிதரின் தொடரோட்டமே இல்லை. நோமிலிருந்து ஒரே வண்டி சென்று மருந்தை எடுத்துக்கொண்டு வழிதவற, பால்ட்டோ தேடிச் சென்று அதனை மீட்டு வருகின்றது. வண்டியோட்டியோ மயக்கத்தில் கிடக்கின்றார். தீய நாயொன்றும் உண்டு. பேசும் வாத்தும் பனிக்கரடிகளும் உண்டு. இவற்றையெல்லாம் குழந்தைகளின் களிப்பு எனப் பொறுத்துக்கொள்ளலாம். நம்மால் பொறுக்க இயலாதது வேறொன்று. படத்தின் பால்ட்டோ பாதி ஓநாய். அதனாலேயே ஊரால் ஒதுக்கப்பட்டு, அந்த ஓநாய்க் குருதியை ஏற்றுக்கொண்ட கணத்தில் வீரனாகின்றது. ஒதுக்கப்பட்டோரின் பக்கம் நிற்கும் கதையென்று இதனைப் பாராட்டியோர் உளர். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆயின் அந்த ஊரிலும் வழியிலும் உண்மையாகவே ஒதுக்கப்பட்டிருந்த மக்கள் இருந்தனர் என்பதை நினைக்கும்போது அப்பாராட்டு கசக்கின்றது. கற்பனையான ஒதுக்கத்தைப் படைத்து இரங்கிய படம், உண்மையான ஒதுக்கத்தைக் காணவில்லை. (பால்ட்டோவின் பதப்படுத்திய தோலிலிருந்து பெற்ற மரபணுவை ஆராய்ந்த அறிஞர்கள், அதில் ஓநாய்க் கலப்பின் தடயம் ஏதுமில்லை என்று 2023இல் வெளியிட்டனர்.)

அம்மக்கள் யார்? மருந்தைச் சுமந்த வண்டியோட்டிகளுள் பெரும்பாலோர் அலாஸ்காவின் தொல்குடியினர். யூக்கான் ஆற்றங்கரை அத்தபாஸ்கர் பலர், கடற்கரை இனூயிட்டு மக்கள் சிலர். சார்லி எவான்ஸ் என்னும் இளைஞரின் பெயரை எத்தனை பாடநூல்கள் சொல்கின்றன? பிஷப் மவுண்டன் என்னுமிடத்திலிருந்து நுலாட்டோ வரை 30 மைல் அவருடைய பங்கு. வழியில் அவருடைய முன்னோடி நாய்கள் இரண்டும் குளிரால் தாக்குண்டு வீழ்ந்தன. அவர் அவற்றை வண்டியிலேற்றினார்; அவற்றின் இடத்தில் தாமே நின்று, எஞ்சிய நாய்களோடு சேர்ந்து வண்டியை இழுத்தார். நாயின் வாரைத் தன் தோளில் பூட்டிக்கொண்ட மனிதர்! இந்த ஒரு காட்சிக்கு முன் மேற்சொன்ன படத்தின் கற்பனை முழுவதும் வெளிறிப்போகின்றது. அவருக்குச் சிலையில்லை.

அவர் சென்றடைந்த நுலாட்டோ, கத்தோலிக்க வாசகர் அறிந்திருக்க வேண்டிய ஊர். இயேசு சபையினர் 1887இல் அங்கு மறைபரப்புத் தளம் அமைத்தனர். அதற்கு முந்திய ஆண்டு நவம்பரில், அவ்வூரை நோக்கிச் சறுக்குவண்டியில் பயணம் செய்த பேராயர் சார்லஸ் சேகெர்ஸ், உடன்வந்தவனாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்பனிவெளியில் நற்செய்தி நடந்து சென்றதைவிட நாய்களால் இழுத்துச் செல்லப்பட்டதே மிகுதி எனலாம். பின்னாளில் சாந்தா கிளாரா பல்கலைக்கழகத்தில் நிலவியல் கற்பித்த பெர்னார்டு ஹப்பர்டு என்னும் இயேசு சபைத் துறவி, 'பனியாற்றுக் குரு' எனப் பெயர் பெற்று, அலாஸ்காவின் எரிமலைகளையும் தம் நாய்களையும் பற்றி அமெரிக்கா முழுவதும் உரையாற்றினார். 1932இல் நூலொன்றும் வெளியிட்டார். அவருடைய நடையில் சாகச மணம் சற்று மிகுதி. அதனைத் தனியே ஆராய வேண்டும், இங்கு இடமில்லை.

டோகோவுக்கு இழைக்கப்பட்ட குறையைத் தீர்க்க 2019இல் 'டோகோ' என்னும் படம் வந்தது. எரிக்சன் கோர் இயக்க, வில்லெம் டஃபோ செப்பலாவாக நடித்தார். மிகையற்ற நல்ல நடிப்பு. முதியவர் ஒருவருக்கும் முதிய நாய்க்கும் இடையே சொற்களின்றி நிகழும் உரையாடலை அவர் முகத்திலேயே காண்கின்றோம். நோயாளிக் குட்டியாய் இருந்து, வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டபின் கண்ணாடிச் சன்னலை உடைத்துத் தாண்டி வீடு திரும்பிய அதன் இளமைக் குறும்பு, படத்தின் சிறந்த பகுதி. ஆயினும் ஒரு நாயின் பீடத்தில் மற்றொரு நாயை ஏற்றியதன்றி அப்படம் செய்தது என்ன? பீடம் அப்படியே இருக்கின்றது. எவான்ஸும் ஏனையோரும் சட்டகத்தின் விளிம்பிலேயே நிற்கின்றனர். அவர்களை நாம் முழுமையாகச் சந்திப்பது கே சாலிஸ்பரியும் லேனி சாலிஸ்பரியும் இணைந்து 2003இல் எழுதிய வரலாற்று நூலில்தான். அது பெரியவர்க்கான நூல். எனினும் ஆசிரியர் ஒருவர் அதனைப் படித்துவிட்டு வகுப்புக்குள் செல்வாரானால், சிறுநூலின் தலைப்பை அவரே மாற்றிச் சொல்வார்.

இனி, கற்பனைக் கதையொன்று. ஜான் ரெனால்ட்ஸ் கார்டினர் 1980இல் எழுதிய 'ஸ்டோன் ஃபாக்ஸ்' அமெரிக்க வகுப்பறைகளில் ஆசிரியர் உரக்கப் படிக்க, பிள்ளைகள் அழுதுகொண்டே கேட்கும் நூல். வையோமிங் மாநிலத்தில் பத்து வயதுச் சிறுவன் வில்லி; படுக்கையில் வீழ்ந்த தாத்தா; பண்ணைக்குச் செலுத்த வேண்டிய வரி 500 டாலர். அதனை அடைக்க, தன் ஒரே நாயான சர்ச்லைட்டைப் பூட்டிச் சறுக்குவண்டிப் பந்தயத்தில் அவன் கலந்துகொள்கின்றான். வெற்றிக்கோட்டுக்குப் பத்தடி முன்னால் நாயின் இதயம் வெடித்து அது மாண்டு வீழ்கின்றது. தோல்வியே அறியாத தொல்குடி வீரர் ஸ்டோன் ஃபாக்ஸ் தம் வண்டியை நிறுத்தி, பனியில் கோடு கிழித்து, அதைத் தாண்டுவோரைச் சுடுவேன் என்று ஏனையோரைத் தடுத்து நிறுத்த, சிறுவன் இறந்த நாயைக் கையிலேந்திக் கோட்டைக் கடக்கின்றான்.

கண்ணீரை வரவழைக்கும் கலையில் இந்நூலுக்குக் குறையில்லை. நாமும் கண்கலங்கினோம், மறைப்பதற்கில்லை. கண்களைத் துடைத்தபின் இரு கேள்விகள் எழுந்தன. வெள்ளையர் பறித்துக்கொண்ட தம் மக்களின் நிலத்தைத் திரும்ப வாங்கவே ஸ்டோன் ஃபாக்ஸ் பந்தயப் பணம் சேர்ப்பதாக நூலாசிரியரே முன்பு சொல்லியிருக்கின்றார். அன்று அவர் விட்டுக்கொடுத்தது பரிசை மட்டுமா? வெள்ளைச் சிறுவனின் பண்ணை காக்கப்பட, பறிகொடுத்த மக்களின் நிலம் இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. நூல் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது முடிகின்றது. ஈகம் செய்யும் கடமை எப்போதும் எளியவர் தலையிலேயே விழுவதைக் கதை இயல்பாக்கிவிடுகின்றது. வகுப்பில் எந்தப் பிள்ளையாவது இக்கேள்வியைக் கேட்டால், அப்பிள்ளையை அமரச் சொல்லாத ஆசிரியரே நல்லாசிரியர்.

இரண்டாம் கேள்வி நாயைப் பற்றியது. சர்ச்லைட் தன்னையே ஈந்தது என்று பிள்ளைகள் எழுதும் கட்டுரைகள் சொல்லும். நோம் ஓட்டத்தில் இறந்த நாய்களைப் பற்றியும் அவ்வாறே சொல்வர். முதற்கட்டத்தை ஓட்டிய பில் ஷானனின் நாய்களுள் சில அக்குளிரால் மாண்டன. அவற்றை மறைசாட்சிகள் போலப் பேசும் வழக்கம் சமய இதழ்களிலும் புகுந்துள்ளது. இச்சொல்லாட்சியை நாம் ஏற்பதற்கில்லை. ஈகம் என்பது அறிந்து, விரும்பி, மறுக்கும் உரிமையிருந்தும் மறுக்காது அளிப்பது. நாய் ஓடியது; ஓட்டம் அதன் குருதியிலேயே ஊறியது, ஓட்டியவர்மேல் அதற்குப் பற்றும் இருந்தது. ஆயினும் எதற்காக ஓடுகின்றோம் என்பதை அது அறியாது. முடிவெடுத்தது மனிதன், விலையைக் கொடுத்தது விலங்கு. விலையை வேறொருவர் கொடுக்கும்போது அதை ஈகமென்று பெயரிட்டு உச்சரிப்பது, வாங்கியவனுக்கு வசதியான பெயர். மருந்து சேர்ந்தது நன்று. குழந்தைகள் பிழைத்தது மிக நன்று. அம்முடிவு தவறென்று நாம் சொல்லவில்லை. கடன் இருக்கின்றது என்று மட்டுமே சொல்கின்றோம். 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, விலங்குகளுக்கு மனிதர் பரிவுகாட்டக் கடமைப்பட்டவர் என்றும், தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது என்றும் கூறுகின்றது. கடமை என்னும் சொல்லை அது பயன்படுத்துவதைக் கவனிக்க வேண்டும்.

அக்கடனை யார் அடைத்தார்கள்? இதனைச் சொல்லும் பகுதியே இந்த வரலாற்றில் வகுப்பறைக்கு உண்மையிலேயே உரியது. ஆனால் மேற்சொன்ன கேலிச்சித்திரப் படத்தில் இடம்பெறாதது. சிலை திறந்த ஆரவாரம் அடங்கியபின் பால்ட்டோவும் அதன் தோழர்களும் கைமாறின, விற்கப்பட்டன. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பத்துக் காசு வாங்கிக்கொண்டு வேடிக்கை காட்டும் மலிவுக் காட்சிக்கூடமொன்றில், கட்டுண்டு, மெலிந்து, நோயுற்றுக் கிடந்தன. அவற்றை அங்கே கண்டவர் கிளீவ்லாந்து நகர வணிகர் ஜார்ஜ் கிம்பிள். உரிமையாளர் கேட்டது 2,000 டாலர். தவணை இரு வாரம். கிம்பிள் தம் நகருக்குச் செய்தி அனுப்பினார். தொழிலாளரும் கடைக்காரரும் கொடுத்தனர். பள்ளிப் பிள்ளைகள் செப்புக் காசுகளைத் திரட்டினர். தவணைக்கு முன்பே தொகை சேர்ந்தது. 1927 மார்ச் 19 அன்று, எஞ்சியிருந்த ஏழு நாய்களும் கிளீவ்லாந்தில் ஊர்வலமாக வரவேற்கப்பட்டு, அங்குள்ள விலங்குக் காட்சிச்சாலையில் அமைதியாக வாழ்ந்தன. பால்ட்டோ, ஃபாக்ஸ், அலாஸ்கா ஸ்லிம், பில்லி, சை, ஓல்டு மாக்டாக், டில்லி. ஏழு பெயர்களையும் எழுதிவைப்பதில் நமக்கு ஒரு நிறைவு.

குழந்தைகளுக்காக ஓடிய நாய்களைக் குழந்தைகளே மீட்டார்கள். அவர்கள் நோம் நகரின் குழந்தைகளல்லர். நோம் எங்கே இருக்கின்றதென்று வரைபடத்தில் தேடிக் கண்டிருப்பார்கள். வேறெங்கோ யாரோ பட்ட கடனைத் தம் கடனாக ஏற்றுக்கொண்டார்கள். கண்டிப்பான வாசகர் ஒருவர் இங்குக் குறுக்கிடலாம்: மனிதரின் துயர் துடைக்க வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்று அதே மறைக்கல்வி ஏடு சொல்லவில்லையா? சொல்கின்றது, நியாயமான எச்சரிக்கை. ஆனால் ஆடம்பரமாக ஊட்டி வளர்ப்பது வேறு. நம் குழந்தைகளைக் காத்தபின் நாமே விற்றுத் தின்ற உழைப்பாளியைச் சிறையிலிருந்து மீட்பது வேறு. முன்னது செல்லம், பின்னது நீதி. ஒரு செப்புக் காசின் அளவில் நீதியைக் கைக்கொள்ளக் குழந்தைக்குக் கிடைத்த வாய்ப்பு அது. இதைப் பாடமாக்காமல், பனிப்புயலை மட்டும் பாடமாக்கும் ஆசிரியர், கதையின் சத்தத்தை எடுத்துக்கொண்டு சாரத்தை விட்டுவிடுகின்றார்.

நாயை ஆசானாகவே கொண்ட நூலும் உண்டு. கேரி பால்சன் 1990இல் எழுதிய 'வுட்சாங்' என்னும் தன்வரலாறு, மினசோட்டாக் காடுகளில் அவர் நாய்களோடு கழித்த நாள்களைக் கூறுவது. அதில் வரும் ஸ்டார்ம் என்னும் நாய் வழியில் குச்சியொன்றைக் கவ்விக்கொண்டு ஓடும். ஓட்டம் முடிந்ததும் அதை அவரிடம் கொடுக்கும். அவர் அளவுக்கு மீறி நாய்களை வருத்திய நாளில், அவர் நீட்டிய குச்சியை அது வாங்க மறுத்துவிடுகின்றது. அவ்வளவே. நாய் யாருக்காகவும் சாகவில்லை, எவரையும் மீட்கவில்லை, ஒரு குச்சியை மறுக்கின்றது. அந்த மறுப்பில் பால்சன் தம்மைத் தாமே கண்டுகொள்கின்றார். ஸ்டார்ம் முதுமையடைந்து இயல்பாக இறக்கின்றது. மேற்சொன்ன நூல்கள் அனைத்தினும் இதனையே நாம் உயர்வாக மதிக்கின்றோம். நாயை நாயாகவே விட்டுவைத்து அதனிடம் கற்றவர் இவர். மற்றோர் நாய்க்கு மனித ஆடையை உடுத்தி, அவ்வாடையைக் கண்டு வியந்தனர்.

நம் திருவிவிலியத்திலும் ஒரு நாய் உண்டு. தோபித்து நூலில் இளைஞன் தோபியா, வானதூதர் இரபேலோடு நெடும்பயணம் புறப்படும்போது அவர்களுடன் சென்று, திரும்பும்போதும் அவர்களைப் பின்தொடர்ந்து வரும் நாய் அது. அதற்குப் பெயரில்லை. அது மீனைப் பிடிக்கவில்லை, பேயை விரட்டவில்லை, பார்வையற்ற தந்தைக்கு மருந்தைக் கவ்வி வரவுமில்லை. மருந்து தோபியாவின் கையில். வழி வானதூதரின் அறிவில். நாய் உடன் நடந்தது. மறைநூல் ஆசிரியர் அதற்கு வேறெந்தப் பணியையும் கற்பித்து எழுதவில்லை. அதனை விட்டுவிடவும் அவருக்கு மனமில்லை.

பால்ட்டோ 1933 மார்ச் 14 அன்று இறந்தது. பதப்படுத்திய அதன் உடல் கிளீவ்லாந்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. அதனைத் தரவேண்டுமென அலாஸ்காச் சட்டமன்றம் 1998இல் தீர்மானம் நிறைவேற்றியது. அருங்காட்சியகம் மறுத்துவிட்டு, ஐந்து மாதங்களுக்கு மட்டும் ஆங்கரேஜுக்கு இரவலாக அனுப்பிப் பின் மீட்டுக்கொண்டது. டோகோவின் தோல் அலாஸ்காவின் வசில்லாவிலும், எலும்புக்கூடு யேல் பல்கலைக்கழகத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. வண்டியோட்டிகளுள் கடைசியாக உயிரோடிருந்த அத்தபாஸ்கர் எட்கர் நோல்னர் 1999 சனவரியில், 94ஆம் வயதில் காலமானார். கறுப்பாயிருந்த பால்ட்டோவின் மயிர், காட்சிப் பேழையின் ஒளியில் ஆண்டுகள் பல நின்றதால், பழுப்பாகிவிட்டது.